டெலீனுக்கு வைத்த பாதி

சிகரெட்டை விட்டவர்களுக்கு, விடாதவர்களைக் கண்டால் வருகிற கோபம் வேறு யாருக்கும் வராது. நான் விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அந்த ஒன்பது வருடமும் ரோய்பாய் என்கிற எங்கள் மீன்பிடி ஊரின் கிளினிக்கில் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. பேச்சுக்காரி. மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும், சளியை ஏன் சோதிக்க வேண்டும், புகையை ஏன் விட வேண்டும் என்று பேசுவதுதான் என் வேலை. முன்பெல்லாம் நான் அதைப் பேசவில்லை, கத்தினேன். மெர்சியாவின் மேசையைத் தாண்டிப் போவதைவிடக் கடலைத் தாண்டிப் போகலாம் என்று மீன் பிடிக்கிற ஆண்கள் சொல்வார்கள். நான் அதைப் பெருமையாக வேறு எடுத்துக்கொண்டேன்.

டெலீன் ஃபோர்ட்டுயினிடமும் அப்படித்தான் கத்தினேன். அது மூன்று வருடத்துக்கு முன்பு. மீன் பதப்படுத்தும் ஆலையில் டப்பா அடைக்கிற பெண். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் மத்தி மீன் வாசனை, அதற்கு மேல் சிகரெட் வாசனை. வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காகக் கேட்க நாதி இல்லையாடி என்று இருபது பேருக்கும் கேட்கும்படி கேட்டேன். அவள் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். தன் கிளினிக் அட்டையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவே இல்லை. ஏழாம் மாதம் பிள்ளை இறந்து பிறந்தது என்று ஊர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சிகரெட்டால்தானா என்று யாருக்கும் தெரியாது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, கிளினிக்குக்கு வந்திருந்தால் கண்டுபிடித்திருப்போம் என்று எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டர் அப்ராம்ஸ் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அந்த அட்டை இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

போன வருடம் மார்ச் மாதம் டெலீன் மறுபடி வந்தாள். நான்கு மாதம். கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில், சட்டென்று எழுந்து போக வசதியான இடத்தில் உட்கார்ந்தாள். சிஸ்டர் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டு, அந்தப் பெண் இந்தத் தடவை ஒன்பது மாதமும் இங்கே வந்தாக வேண்டும், உன் வாயால் அவள் போனாள் என்றால் உன்னையும் அவளோடு அனுப்பிவிடுவேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் செய்கிறவர்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்களை நகரத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். விடத் தயாராக இல்லாதவர்களிடம் எப்படிப் பேசுவது என்று. விடச் சொல்லாதே, கேள்வி கேள் என்றார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு தயார் என்று கேட்க வேண்டுமாம். சின்ன எண் சொன்னால் முகம் சுளிக்கக் கூடாதாம். அதைவிடச் சின்ன எண்ணை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டுமாம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு பேருந்து ஏறியவள் நான். டெலீன் எதிரில் வந்து உட்கார்ந்ததும் கையில் வேறு ஆயுதம் இல்லாததால் அதைத்தான் எடுத்தேன்.

"மூணு" என்றாள்.

"ஏன் மூணு? ஏன் பூஜ்யம் இல்ல?"

"பூஜ்யம்னா நீங்க திட்டுவீங்க, ஆன்ட்டி மெர்சியா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வந்தாள்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தாள். நான் கேட்பேன், அவள் சொல்வாள். ஒரு நாளைக்கு எட்டு சிகரெட். எழுந்ததும் ஒன்று. அது இப்போது குமட்டுகிறது, போய்விட்டது. சமையல் முடிந்து வாசல்படியில் ஒன்று. கணவன் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் இன்னொன்று. மற்றதெல்லாம் வேலை நேரத்தில். விடு என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் நாக்கில் புண் வராத குறை. எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டானது. ஆலையில் காலை பத்து மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று. அந்த இரண்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் எண் மூன்றிலேயே நின்றது. ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் போதுமான அளவு கேட்கவில்லை.

ஐந்தரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றுகூடத் தொடவில்லை என்றாள். பிள்ளை உதைக்க ஆரம்பித்திருந்தது. அதனால் இருக்கலாம்.

அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். கிளினிக் சுவரில் ஒரு பெரிய நீலத் தாள் ஒட்டியிருப்போம். புகையை விட்டவர்கள் பெயரைக் காகித மீனில் எழுதி அதில் ஒட்டுவது வழக்கம். இரண்டு வருடமாக அந்தக் கடலில் நான்கே மீன்கள். ஐந்தாவதாக டெலீனுடைய மீனை மஞ்சள் தாளில் நானே வெட்டி, பெரிய எழுத்தில் பெயரெழுதி, நடுவில் ஒட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ரோய்பாயில் செய்தித்தாள் வாங்காதவர்கள் உண்டு, கிளினிக் சுவரைப் படிக்காதவர்கள் கிடையாது. ஆலை மேற்பார்வையாளர் காரல்சேயின் மனைவி சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது அந்த மீனைப் பார்த்து, நல்ல காரியம் என்று என்னிடம் பாராட்டிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டெலீன் வரவில்லை. கதவு திறந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். கணுக்கால் இரண்டும் ரொட்டி மாவு போல வீங்கியிருந்தன. கிட்டே வந்ததும் வாசனை. சிகரெட்.

தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். பத்து எண்ணினேன். போதவில்லை, இன்னொரு பத்தும் எண்ணினேன்.

"சொல்லுடி" என்றேன்.

"அந்த மீன எடுத்திருங்க ஆன்ட்டி."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆலையில் டப்பா அடைக்கிற பெண்கள் காலை ஆறிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தைத் தவிர உட்கார வழியில்லை. ஆனால் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் சங்கு ஊதும். புகைக்கிறவர்கள் பத்து நிமிடம் பின்முற்றத்துக்குப் போகலாம். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகளில் உட்காரலாம். புகைக்காதவர்களுக்குச் சங்கு ஊதினாலும் ஒன்றுதான், ஊதாவிட்டாலும் ஒன்றுதான். காரல்சே அவளிடம் வந்து, நீதான் விட்டுவிட்டாயே, என் மனைவி சொன்னாள், இனிமேல் உனக்கு முற்றத்தில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். திட்டவில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் கேட்டிருக்கிறார். நான்கு நாள் நின்று பார்த்திருக்கிறாள். ஐந்தாம் நாள் ஒரு சிகரெட் கடன் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்கு அங்க நாற்காலி கிடையாது ஆன்ட்டி. சிகரெட்தான் நாற்காலி."

நான் உடனே தாளை எடுத்தேன். சிஸ்டரிடம் சொல்லி ஆலைக்கு ஒரு கடிதம் எழுதலாம், கர்ப்பிணிக்கு இலகுவான வேலை தரச் சொல்லலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன பருவத்தில் ஒருத்தி அப்படிக் கடிதம் கொண்டுபோனாளாம். இலகுவான வேலை எதுவும் இல்லை, வீட்டில் இரு, மீன் நிறைய வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்களாம். கூப்பிடவே இல்லை. டெலீன் நிரந்தர வேலைக்காரி இல்லை, பருவத்துக்கு எடுக்கப்பட்டவள். கணவனுடைய படகுக்கு அந்த வருடம் ஸ்னூக் மீன் சரியாகக் கிடைக்கவில்லை. கடிதம் வேண்டாம் என்றாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. இரண்டு மாதமாக அவள் நுரையீரலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எதிரிலேயே எழுந்துபோய் மஞ்சள் மீனைக் கிழித்தெடுத்தேன்.

"வர்ற செவ்வாய்க்கிழமை வருவியா?" என்று கேட்டேன். என் குரல் கெஞ்சியது, அது எனக்கே கேட்டது.

"வருவேன். நாத்தத்தோட வருவேன். பரவாயில்லயா?"

பரவாயில்லை என்றேன்.

மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை நான் ஆலைக்குப் போய்த் தொழிலாளர்களுக்கு இரத்த அழுத்தம் பார்ப்பது உண்டு. அந்த மாதம் போனபோது, பத்து மணிச் சங்கு ஊதியதும் கருவியை மூடி வைத்துவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனேன். எட்டு வருடமாக அந்தப் பக்கம் போனதில்லை. பயம்தான், வேறென்ன. தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சுவர் ஓரமாக ஏழெட்டுப் பெண்கள் நீல ஏப்ரனும் ரப்பர் பூட்சுமாகப் பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டெலீன் காற்று வருகிற பக்கம், எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கால்களை இன்னொரு பெட்டியின் மேல் நீட்டியிருந்தாள். விரலிடுக்கில் சிகரெட் இருந்தது. அதில் புகை வரவில்லை.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பற்றவைக்காத சிகரெட். தாள் அழுக்கேறி, நடுவில் லேசாக வளைந்திருந்தது. ரெண்டு வாரமாக இதேதான் என்று அவளுடைய தோழி ட்ரீனா என் காதில் சொன்னாள். சங்கு ஊதினால் எடுத்துப் பிடித்துக்கொள்வாளாம், முடிந்ததும் கிழிந்த கையுறையின் விரலுக்குள் செருகி ஏப்ரன் பையில் வைத்துக்கொள்வாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பார்வையாலேயே கேட்டேன். டெலீன் தோளைக் குலுக்கினாள். சொன்னால் நான் மறுபடி மீன் வெட்டுவேன் என்று பயந்திருப்பாள்.

அப்போதுதான் காரல்சே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னோடு பள்ளியில் படித்தவர். ஆனால் மேலே இருப்பவர்கள் அவரைப் பிடுங்குகிறார்கள், அவர் கீழே இருப்பவர்களைப் பிடுங்குகிறார். டெலீனுக்கு எதிரில் வந்து நின்று அந்தச் சிகரெட்டையே பார்த்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பையிலிருந்து லைட்டரை எடுத்தார். காற்றுக்கு மறைவாகக் கையைக் குவித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தீப்பெட்டி இல்லையாம்மா? இந்தா, பத்த வை."

 பற்றவைத்தால் கேடு பிள்ளைக்கு. பற்றவைக்காவிட்டால் எழுந்து உள்ளே போக வேண்டும், இன்றைக்கு மட்டுமல்ல, இனி தினமும். இன்னும் பன்னிரண்டு வாரம் நிற்க வேண்டும். டெலீன் சிகரெட்டைப் பார்த்தாள். மெல்ல உதட்டுக்குக் கொண்டுபோனாள்.  அதற்கப்புறம் நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. சிகரெட் கையில் இருப்பவரிடம் ஒருவர் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒருவர் பாதி குடிப்பார், மற்றவர் மீதிப் பாதிக்குக் காத்திருப்பார். காத்திருப்பவரும் குடிப்பவரும் ஒன்றுதான். பாதிக்குக் காத்திருக்கும் ஆளை எழுப்பி விரட்டினால், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பியது போல ஊர் பேசும். அது காரல்சேக்கும் தெரியும். அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே படகில் ஒரே சிகரெட்டைப் பங்கு போட்டவர்கள்.

"அதை இங்க குடு டெலீன்" என்றேன். "எனக்கு முதல் பாதி. மீதி உனக்கு வைக்கிறேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளினிக் சீருடை, மார்பில் பெயர் அட்டை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். டெலீன் தயங்கினாள். கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தாள். நான் வாயில் வைத்துக்கொண்டு காரல்சேயின் பக்கம் குனிந்தேன். அவருக்கு வேறு வழியில்லை. பற்றவைத்தார்.

நாறிப்போன சிகரெட். ரெண்டு வார வியர்வையும் மீன் வாடையும் அதில் இருந்தன. ஆனாலும் முதல் இழுப்பு உள்ளே இறங்கியபோது என் எட்டு வருடமும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. நன்றாக இருந்தது. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது பேர் எதிரில் நான் கத்திய கத்தலெல்லாம் எதைப் பார்த்துக் கத்தியது என்று அப்போதுதான் உறைத்தது. அவசரப்படாமல் குடித்தேன். டெலீன் காலை நீட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் தன் பாதிக்குக் காத்திருந்தாள். காரல்சே கொஞ்ச நேரம் நின்றார், லைட்டரைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சங்கு ஊதியபோது நெருப்பைப் பெட்டியில் தேய்த்து அணைத்து, மீதிப் பாதியை அவளிடம் கொடுத்தேன். அவள் கையுறை விரலுக்குள் செருகிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சங்கு ஊதும்போது யாராவது ஒருத்தி, "இதுல பாதி டெலீனுக்கு" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பற்றவைப்பாள். டெலீன் காற்று வரும் பக்கமாக உட்கார்ந்து காத்திருப்பாள். சங்கு மறுபடி ஊதும். பாதி அணைந்து அவள் கைக்கு வரும், அவள் பையில் போட்டுக்கொள்வாள். காரல்சே பார்த்தும் பார்க்காதது போலப் போனாராம்.

எனக்குத்தான் கெட்ட காலம். அந்தப் பாதிக்குப் பிறகு தினமும் கடையைக் கடக்கும்போது கால் நின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சிஸ்டர் அப்ராம்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு தயார், மெர்சியா?"

"மூணு" என்றேன்.

"ஏன் பூஜ்யம் இல்ல?"

அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்று பதில் சொல்ல வேண்டியவளாக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வெகு நேரம் பேசினோம். அதன்பின் நான் இன்றுவரை தொடவில்லை. நாளைக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது.

டெலீன் ஒவ்வொரு செவ்வாயும் வந்தாள். நடுவில் இரண்டு தடவை வாசல்படியில் உட்கார்ந்து குடித்தேன் என்று அவளே சொன்னாள். இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியபோது உடனே பிடித்து மாத்திரை கொடுத்தோம். ஒன்பதாம் மாதம், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பாகக் கிளினிக்கிலேயே பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுகை மருந்து அறைவரை கேட்டது. நான் மருந்து அறையில்தான் இருந்தேன், நானும் அழுதேன்.

ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வந்தபோது, பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். திறந்தேன். முழுக்கப் பாதிச் சிகரெட்டுகள். உதட்டுச் சாயம் பட்டவை, நசுங்கியவை, எண்ணெய் பட்டவை. அத்தனை வாரமும் அவளுக்கு வைத்த பாதிகள்.

தூக்கிப் போட மனம் வரவில்லை என்றாள். வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியவில்லையாம், பிள்ளை அழும்போதெல்லாம் கை அந்தப் பக்கம் போகிறதாம்.

"இப்போ எவ்வளவு?" என்று கேட்டேன்.

"மூணுதான் ஆன்ட்டி. சில நாள் ரெண்டு." டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "நீங்க வச்சுக்கோங்க. ஆனா நான் கேட்டா குடுக்கணும். இல்லன்னு சொல்லக் கூடாது."

கொடுப்பேன் என்று சொன்னேன். டப்பாவை என்னிடம் வைத்துக்கொள்ள எனக்கே நம்பிக்கை இல்லாததால் சிஸ்டரின் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

ஐந்து செவ்வாய்க்கிழமைகள் அவள் கேட்கவில்லை. ஆறாவது செவ்வாய், பிள்ளைக்கு மூன்று இரவாகக் காய்ச்சல், இவள் கண்ணெல்லாம் சிவந்து வந்திருந்தாள். வரிசையில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்றவள் நேரே என் மேசைக்கு வந்து கையை நீட்டினாள். நான் சிஸ்டரிடம் சாவி வாங்கி, டப்பாவிலிருந்து ஒரு பாதியை எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்து, அட்டையை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று அவள் கதவைத் தாண்டிப் போனாள். அதே வார்த்தைகள். அட்டையும் அதே இடத்தில் கிடந்தது. பிள்ளை என் தோளில் சூடாக இருந்தது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள்.

அவள் திரும்பி வந்தாள். புகை வாசனையோடு வந்து, கையைக் கழுவிவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு, வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.